பாடசாலை அதிபர் ஒருவரின் மணிவிழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் முறை

இலங்கையின் வடக்கே வன்னியில் விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கி அதிபராக ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றி எழுத முற்படுபவர் முதலில் ஆண்டுகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். 2008, 2009 யுத்தகால இடப்பெயர்வுகளில் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள் பல அழிந்துபோனமையால், கைவசமுள்ள நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், வலயக் கல்வி அலுவலகத்திலுள்ள சுயவிபரக் கோவை ஆகியவற்றை அவரது நினைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பானது.

பட்டங்களும் பதவிகளும் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். வகுப்பறைக்கே கூடிய இடம் ஒதுக்குங்கள். “அர்ப்பணிப்பு மிக்கவர்” என்று எழுதுவதை விடுத்து, ஆய்வுகூடப் பொருள்கள் வந்துசேராத காலத்தில் அவர் எப்படிக் கற்பித்தார் என்று பழைய மாணவரிடம் கேளுங்கள். அமிலத்தையும் காரத்தையும் நிறமாற்றத்தால் காட்டும் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) இல்லாத வகுப்பில் செவ்வரத்தம்பூவைக் கசக்கிச் சாறெடுத்து, தேசிக்காய்ப்புளி விட்டால் அது சிவப்பதையும், சவர்க்கார நீர் விட்டால் பச்சையாவதையும் காட்டும் பாடம் போன்ற ஒன்று எவருக்கேனும் நினைவிருக்கும். அந்தப் பாடத்தை அந்த மாணவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அதிபர் காலத்தைக் கட்டடத் திறப்புவிழாக்களாகச் சுருக்கிவிடுவது நமது மலர்களின் நெடுநாள் வழக்கம் (படங்களும் அவற்றுக்குத்தான் கிடைக்கின்றன). மாறாக, மீள்குடியேற்றத்தின் பின்னர் மரநிழலிலோ தறப்பாள் கொட்டகையிலோ முதல் மணி அடித்த நாளை அவரிடமே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினால், திகதிப் பிழைகளும் பெயர்களின் முதலெழுத்துப் பிழைகளும் அங்கேயே அகப்பட்டுவிடும்.