ஈவ்லின் வாஹை எந்த வரிசையில், எப்படி வாசிப்பது

ஆங்கில அங்கத நாவலாசிரியர் ஈவ்லின் வாஹ் 1966இல் மறைந்தார். ஆனால் அவரைப் படிப்பவர்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய எழுத்துகள் அனைத்தையும் 43 தொகுதிகளாகத் திட்டமிட்டு 2017 முதல் வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டில் பிபிசி அவருடைய முதல் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 2016இல் டைம் இதழ், கல்லூரி வகுப்புகளில் மிகுதியாகப் படிக்கப்படும் பெண் எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டபோது, ஈவ்லின் என்ற பெயரை மட்டும் பார்த்து, ஆணான அவரையும் அதில் சேர்த்துவிட்டது. அவர் விடாமல் படிக்கப்படுகிறார் என்பதற்கு இதைவிட வேடிக்கையான சான்று தேவையில்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' நாவலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். 1981இல் வந்த பதினொரு பகுதித் தொலைக்காட்சித் தொடர் அதற்குத் தேடித்தந்த புகழ் அப்படி. என் கருத்தில் அது தவறான வாசல். போர்க்காலத்தில் எழுதப்பட்டு 1945இல் வெளியான அந்த நாவலில் உணவு, மது, மாளிகை ஆகியவற்றின் மீதான ஏக்கம் பொங்கி வழிகிறது. 1960இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது, வயிறு நிறைந்த காலத்தில் அந்த அலங்கார நடை தமக்கே உவப்பாக இல்லை என்ற பொருளில் வாஹே முன்னுரையில் எழுதினார். அங்கதக்காரரான வாஹை அறிய விரும்புபவர்கள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, 1928இல் தம் இருபத்து நான்காம் வயதில் அவர் வெளியிட்ட 'டிக்லைன் அண்ட் ஃபால்' என்ற சிறிய நாவலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதை வேகமாகப் படிக்கக் கூடாது. கதை எளிதாக ஓடுவதால் கண்ணும் அதனுடன் ஓடிவிடும். வாஹின் கூர்மையோ போகிற போக்கில் சொல்லப்படும் வரிகளில்தான் இருக்கிறது. வேல்ஸிலுள்ள ஒரு மட்டமான பள்ளியில் விளையாட்டு விழா நடக்கிறது. ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஆசிரியர் குடிபோதையில் துப்பாக்கியைச் சுட, குண்டு டேன்ஜென்ட் என்ற பிரபு வீட்டுச் சிறுவனின் குதிகாலில் உரசிச் செல்கிறது. விழா தடையின்றித் தொடர்கிறது. சில பக்கங்கள் கழித்து, வேறு எதையோ பற்றிய பேச்சின் நடுவே, அவன் கால் வீங்கிக் கறுத்துவிட்டது என்று ஒரு வரி வருகிறது. பின்னர், கால் துண்டிக்கப்படுகிறது என்று இன்னொரு வரி. கடைசியில் அவனுடைய தாயார், ஒரு திருமணத்துக்குப் போகப் போவதில்லை என்று தாம் முன்பே முடிவு செய்திருக்க, மகன் இந்த நேரம் பார்த்து இறந்துவிட்டதால் அதுதான் காரணமென்று ஊரார் நினைத்துக்கொள்வார்களே என்று அலுத்துக்கொள்கிறார். ஒரு குழந்தையின் மரணம் நான்கு துணுக்குகளில் முடிந்துவிட்டது. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்தவில்லை, யாரையும் கண்டிக்கவுமில்லை. இந்த நான்கு இடங்களையும் கண்டு பென்சிலால் குறித்துவைப்பவருக்கு, மற்ற நாவல்களை எந்த வேகத்தில் படிக்க வேண்டும் என்பது தானே பிடிபட்டுவிடும்.

அடுத்தது 1930இல் வந்த 'வைல் பாடீஸ்'. இதில் உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. குறிப்பாக, ஆடமும் நீனாவும் தொலைபேசியில் பேசுவதாக மட்டுமே அமைந்த ஒரு குறுகிய அத்தியாயத்தில், யார் எப்படிச் சொன்னார் என்ற விளக்கம் ஏதுமில்லை. ஒரு காதல் முறிவது, வெட்டி வெட்டிப் பேசும் சொற்களுக்கிடையே உள்ள மௌனத்தில்தான் கேட்கிறது. நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வாஹின் முதல் மனைவி அவரை விட்டுப் பிரிந்தார். பிற்பகுதி இருண்டுகொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக 1938இல் வந்த 'ஸ்கூப்'. வாஹ் இன்றும் படிக்கப்படுவதற்கு ஒரே ஒரு நூலைக் காரணம் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். 1935இல் டெய்லி மெயில் நாளிதழின் நிருபராக அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) சென்று அவர் கண்டவற்றிலிருந்து பிறந்த நாவல் இது. நாட்டுப்புற இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதும் வில்லியம் பூட் என்ற அப்பாவியை, அதே குடும்பப் பெயருடைய நாவலாசிரியர் என்று தவறாக எண்ணி, போர்ச் செய்தி சேகரிக்க அனுப்பிவிடுகிறது லண்டன் நாளிதழ் ஒன்று. அந்த இதழின் முதலாளியான பிரபு சொல்வது சரியாக இருந்தால் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர் சால்டர் 'நிச்சயமாக' என்பார். தவறாக இருந்தால் 'ஓரளவுக்கு' என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த ஒரு சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு கிளைக்கதையில், புகழ்பெற்ற நிருபர் ஒருவர் ரயிலில் தூங்கிப்போய் வேறு நாட்டின் தலைநகரில் இறங்கிவிட்டு, அமைதியாக இருந்த அந்த நகரில் தடுப்பரண்களும் துப்பாக்கிச் சூடும் நடப்பதாகச் செய்தி அனுப்புகிறார். மற்ற நிருபர்களும் வந்து அதையே எழுத, சில நாட்களில் உண்மையாகவே புரட்சி வெடிக்கிறது. இதைப் படிக்க அபிசீனியப் போரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் தாராளமாக விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கர்களைப் பற்றி வாஹ் பயன்படுத்தும் சொற்கள் இழிவானவை, அவற்றைப் பாத்திரங்களின் வாயில் மட்டும் அவர் வைக்கவில்லை. 'ஸ்கூப்' நாவலில் ஏளனத்தின் பெரும்பங்கு லண்டன் பத்திரிகைக்காரர்கள் மீது விழுகிறது என்பது உண்மையே. அதற்காக மற்றதை மன்னிக்கவோ, காலத்தின் மீது பழி போட்டு நகர்ந்துவிடவோ வேண்டியதில்லை. எந்த இடத்தில் அவருடைய பார்வை கூர்மையாக இருக்கிறது, எந்த இடத்தில் வெறும் மேட்டிமைத்தனமாகச் சரிகிறது என்று பிரித்துப் பார்த்தபடியே படிக்க வேண்டும். இந்தக் குறை மிகுந்த 'பிளாக் மிஸ்சிஃப்' நாவலைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம், படிக்காமலே விட்டாலும் பெரிய இழப்பில்லை.

அதன் பிறகே 1934இல் வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்' நாவலுக்கு வர வேண்டும். என் மதிப்பீட்டில் அவருடைய ஆகச்சிறந்த படைப்பு இதுதான். பதிப்பின் முன்னுரையை முதலில் படித்துவிடாதீர்கள்; அறிஞர்கள் முடிவைப் போட்டு உடைத்துவிடுவது வழக்கம். அந்த முடிவு ஏற்கெனவே ஒரு தனிச் சிறுகதையாக வெளிவந்திருந்ததால், அமெரிக்க இதழில் நாவல் தொடராக வந்தபோது வாஹ் வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். சில பதிப்புகளில் அது பின்னிணைப்பாக இருக்கும். நாவலை முடித்து ஓரிரு நாட்கள் கழித்து அதைப் படித்தால், எது கூடுதல் கொடூரமானது என்று முடிவு செய்வது எளிதல்ல என்பது தெரியவரும்.

இவ்வளவும் முடிந்தபின் 'பிரைட்ஸ்ஹெட்' நாவலைத் திறக்கலாம். ஏக்கத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பழைய நையாண்டிக்காரரை இப்போது அடையாளம் காண முடியும். இரண்டாம் உலகப்போரைப் பற்றிய மூன்று நாவல்கள் 1952, 1955, 1961 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றைக் கட்டாயம் அந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். 1965இல் வாஹ் மூன்றையும் திருத்தி, சில பகுதிகளைக் குறைத்து, 'சோர்ட் ஆஃப் ஆனர்' என்ற ஒரே நூலாக்கினார். வாங்கும்போது எந்த வடிவம் என்று பார்த்து வாங்குங்கள். நேரமிருப்பவர்களுக்குத் தனித்தனி நூல்களே மேல்.