இயல்பு வரம்பு வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வகப் பொறுப்பேற்பவர்கள் தாங்கள் வகுத்த முதல் இயல்பு வரம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அட்டவணை அழகாக இருக்கும், வரைபடம் இருக்கும், கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால், ‘இது யாருடைய ரத்தம்?’ என்று கேட்பேன். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த இடமும் அதுவே. ஆண்டுகள் கடந்தும் அதே பள்ளத்தில் அடுத்தவர்கள் விழுவதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

குழாயில் பெயர் மாறிப்போவது, கருவியை அளவுத்திருத்தம் செய்ய மறப்பது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை எவருக்கும் தெரிந்தவை. சற்று ஆழத்தில் கிடக்கும் பிழைகளையே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நலமாக இருக்கும் ஒரு கூட்டத்தின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே 2.5 விழுக்காட்டையும் மேலே 2.5 விழுக்காட்டையும் விட்டுவிட்டு நடுவில் எஞ்சும் 95 விழுக்காட்டின் எல்லைகளைத்தான் இயல்பு வரம்பு என்று அறிக்கையில் அச்சிடுகிறோம். ஆகவே நலமானவர்களிலேயே இருபதில் ஒருவர் எப்போதும் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒருவருக்கு ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்தால், எந்த நோயும் இல்லாமலே குறைந்தது ஒன்றாவது வரம்பு தாண்டுவதற்கு ஏறக்குறைய 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது தவறல்ல, வரையறையிலேயே இருக்கும் விளைவு. இதை மருத்துவரும் நோயாளியும் அறிந்திருக்க வேண்டும்.

நலமானவர் யார் என்று முடிவு செய்யாமல் ரத்தம் எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. வேறு எந்தப் பிழையையும் பிறகு கணக்கிலோ கருவியிலோ சரிசெய்யலாம். தவறான ஆட்களிடம் எடுத்த ரத்தத்தை எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

வழக்கமாக நடப்பது என்ன? கைக்கு எட்டிய ஆட்களை அழைப்பார்கள். ஆய்வக ஊழியர்கள், மாணவர்கள், ரத்தக் கொடை முகாமுக்கு வந்தவர்கள், வேலையில் சேர்வதற்காக உடல் தகுதிச் சான்று கேட்டு வந்தவர்கள். ‘நீங்கள் நலம்தானே?’ என்று கேட்பார்கள். ‘ஆம்’ என்பார்கள். அதோடு தேர்வு முடிந்தது. ஆனால் நலமாக உணர்வதும் நலமாக இருப்பதும் வேறு வேறு.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களில் பலர் அன்றாட வேலையைச் செய்துகொண்டு, களைப்பு என்பது வாழ்க்கையின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரும்புச்சத்து குறைந்தும் ரத்தசோகைவரை போகாதவர்கள் இதைவிட அதிகம். இவர்களைச் சலிக்காமல் சேர்த்துக்கொண்டால் கீழ் எல்லை தானாகவே இறங்கிவிடும். ஒரு முறை என்னிடம் வந்த வரைவில் பெண்களுக்கான ஹீமோகுளோபின் கீழ் எல்லை டெசிலிட்டருக்கு 10 கிராமுக்கும் கீழே போயிருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ‘எங்கள் மக்களுக்கு இதுதான் இயல்பு’ என்று அந்த இளைஞர் உறுதியாக வாதாடினார். அவர் அளந்தது அந்த மக்களின் இரும்புக் குறைபாட்டை. அதற்கு இயல்பு என்று பெயர் சூட்டியிருந்தார்.

அந்த எண் அறிக்கையில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 10.5 வந்த பெண்ணின் அறிக்கையில் எந்த அடையாளமும் விழாது. மருத்துவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணின் பழைய அறிக்கைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டின் ‘இயல்பு’. காரணம், அந்த ஆய்வகத்தின் கீழ் எல்லை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. நலமாகத் தோன்றும் பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனாலே இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். அவரது வலியை மறுத்தது எந்த மருத்துவரின் அலட்சியமும் அல்ல. யாரோ ஒருவர் சலிக்காமல் சேர்த்த மாதிரிகள்.

கல்லீரல் நொதியான ஏஎல்டியிலும் இதே கதைதான். நெடுங்காலமாக ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 30 அலகு என்ற மேல் எல்லை புழக்கத்தில் இருந்தது. 2002-ல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், ரத்தக் கொடையாளர்களிலிருந்து கல்லீரல் நோய்க்கான ஆபத்து குறைந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டார்கள். மேல் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று இறங்கியது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் கூட்டத்தில் கலந்திருந்ததே பழைய எல்லை உயர்ந்திருந்ததற்கு முக்கியக் காரணம். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் வரம்பிலும் அப்படியே. தைராய்டு எதிர்ப்பொருள் உள்ளவர்களை ஒதுக்காவிட்டால் மேல் எல்லை ஏறிவிடும்.

அதனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே, யாரைச் சேர்ப்போம், யாரை விலக்குவோம் என்பதை எழுதி வையுங்கள். மருந்துகள், கருத்தடை மாத்திரைகள், சத்து மாத்திரைகள், புகை, மது, கர்ப்பம், அண்மைக் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, ரத்தக் கொடை, கடும் உடற்பயிற்சி, உடல் எடை எல்லாம் கேள்விப் பட்டியலில் இருக்க வேண்டும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள். சில ஹார்மோன் சோதனைகளை அது அப்படியே புரட்டிப் போடும். அடிக்கடி ரத்தம் கொடுப்பவர்களிடம் ஃபெரிட்டின் குறைந்திருக்கும். ஹீமோகுளோபின் குறைந்தவர்களை முகாமிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் அந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். ஒரே கூட்டம் இரண்டு சோதனைகளை இரண்டு திசையில் கெடுக்கிறது.

இதற்கு எதிர்த் தவறும் உண்டு. அஞ்சிப்போன சிலர், எந்தச் சோதனைக்கு வரம்பு வகுக்கிறார்களோ அதே சோதனையின் பழைய வரம்பை வைத்து ஆட்களை வடிகட்டுகிறார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் உள்ளவர்களை நீக்கிவிட்டு ஹீமோகுளோபின் வரம்பு கண்டால் 12 என்றுதான் வரும். நீங்கள் உள்ளே போட்டது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவே. வடிகட்டுவதற்கு வேறு சோதனையைப் பயன்படுத்துங்கள். ஹீமோகுளோபினுக்கு ஃபெரிட்டின் உதவும். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியையும் சேர்த்துப் பாருங்கள்.

சராசரியோடு இரண்டு திட்டவிலக்கத்தைக் கூட்டிக் கழிப்பது

பாடப்புத்தகத்தில் வரும் மணி வடிவப் பரவலுக்கு மட்டுமே இது பொருந்தும். ட்ரைகிளிசரைடு, சிஆர்பி, டிஎஸ்ஹெச், ஏஎல்டி எல்லாம் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டவை. அவற்றில் இந்தக் கணக்கைப் போட்டால் கீழ் எல்லை பல நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அதைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். கணக்கு தவறான கருவி என்று அந்த எதிர்மறை எண்ணே சொல்லியிருக்கிறது, கேட்க வேண்டாமா? மடக்கை எடுத்துச் சமச்சீராக்குங்கள், இல்லையேல் நேரடியாக அடுக்கி 2.5, 97.5 விழுக்காட்டு இடங்களில் நிற்கும் எண்களைப் படியுங்கள்.

120-க்குக் குறைவான ஆட்கள்

ஒவ்வொரு பிரிவுக்கும் 120 பேர். மருத்துவ ஆய்வகங்களுக்குத் தரநெறி வகுக்கும் அமெரிக்க நிறுவனமான சிஎல்எஸ்ஐ-யின் வழிகாட்டி தரும் பரிந்துரை இது. அடுக்கினால் மூன்றாவது எண்ணும் 118-வது எண்ணும் உங்கள் எல்லைகள். கீழ் எல்லையின் 90 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எல்லை இருக்கக்கூடிய பரப்பு, முதல் எண்ணிலிருந்து ஏழாவது எண்வரை விரிகிறது. அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

பிடிக்காத எண்களை வெட்டுவது

காரணம் எழுத முடியாவிட்டால் வெட்டாதீர்கள்.

வரம்புக்கு ஒரு முறை, நோயாளிக்கு ஒரு முறை

தன்னார்வலர்கள் காலையில் வெறும் வயிற்றோடு நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்து ரத்தம் கொடுக்கிறார்கள். நோயாளிகள் படுக்கையில் படுத்தபடி, சாப்பிட்ட பிறகு, நினைத்த நேரத்தில் கொடுக்கிறார்கள். எழுந்து நிற்கும்போது ரத்த நீர் குழாய்களைவிட்டுக் கசிவதால் அல்புமின், கால்சியம், ஹீமோகுளோபின் செறிவு உயரும். படுத்திருப்பவரிடம் அதே அளவு குறைந்து தெரியும். கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டாலும் செறிவு ஏறும். பிரித்தெடுக்காமல் வைத்த ரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். உறையும்போது தட்டணுக்கள் பொட்டாசியத்தை வெளிவிடுவதால், ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரத்தில் அது, உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவைவிடச் சற்று அதிகம். சீரத்தில் வகுத்த வரம்பைப் பிளாஸ்மா முடிவுக்குப் பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, பொட்டாசியம் குறைவு ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்று ஆராய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே வரம்பு

வளரும் எலும்பு உள்ள பதின்வயதினருக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி பெரியவர்களைவிட மிக உயர்ந்திருக்கும். டஃபி எதிர்ச்செனி என்ற புரதம் சிவப்பணுவில் இல்லாத மரபுடையோருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. மலையுயரத்தில் வாழ்வோரின் ஹீமோகுளோபின் கூடுதல். பிரிக்க வேண்டிய இடத்தில் பிரியுங்கள்.

கொலஸ்டிரால் 200-ஐ இயல்பு வரம்பு என்று அச்சிடுவது

அது மருத்துவ முடிவுக்கான எல்லை. உண்ணாநிலை குளுக்கோஸ் 126-ம் அப்படியே. இவை நோய் ஆபத்திலிருந்து வந்தவை, நலமானவர்களின் நடு 95 விழுக்காட்டிலிருந்து வந்தவை அல்ல.

வினைப்பொருள் பெட்டியில் உள்ள வரம்பைப் படியெடுப்பது

முழு வரம்பு வகுக்க எல்லா ஆய்வகத்தாலும் முடியாது, அதில் குற்றமில்லை. ஆனால் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள். மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்த இருபது பேரைச் சோதியுங்கள். இருவர்வரை வெளியே விழுந்தால் ஏற்கலாம். மூவரோ நால்வரோ என்றால் இன்னொரு இருபது பேர். ஐவர் அல்லது மேல் என்றால் அந்த வரம்பு உங்களுக்கு ஆகாது. முறை மாறினாலும் இதே வேலைதான். எல்டிஹெச் என்ற நொதிக்கான சோதனையில் பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போகும் முறை, எதிர்த்திசை முறையைவிட ஏறக்குறைய இருமடங்கு எண் தரும். சிறுநீரகச் சோதனையான கிரியேட்டினினில், நிறமாற்றத்தை அளக்கும் ஜாஃபே முறை நொதி முறையைவிட உயர்த்திக் காட்டும். வினைப்பொருள் மாற்றிய அன்றே வரம்பையும் திறந்து பாருங்கள், பழைய அறிக்கைத் தாள்களை அச்சுப்பொறியிலிருந்து எடுத்துவிடுங்கள்.