நாலு தாளில் ஒரு மாதம்: நாள் கொப்பி வைப்பதும் அதைச் சுற்றி ஆட்களைச் சேர்ப்பதும்

தை மாதம் கடைக்காரரும் வங்கிக்காரரும் தரும் டயறியைப் பங்குனியில் திறந்து பாருங்கள். முதல் பத்துப் பக்கம் முத்து முத்தான எழுத்து இருக்கும், பிறகு தொலைபேசி இலக்கங்கள், பிறகு சீட்டுக்காசுக் கணக்கு, அதற்குப் பிறகு வெறும் வெள்ளை. பல வீடுகளில் இந்தக் கதைதான். செய்ய வேண்டியதை மட்டும் எழுதும் கொப்பி இப்படித்தான் நின்றுபோகும், ஏனென்றால் முடிந்துபோன வேலைப் பட்டியலைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் ஆசை வராது. அதே பக்கத்தில் அன்றைக்கு நடந்ததையும் வையுங்கள், அதைக் காட்ட நாலு பேரையும் தேடிக்கொள்ளுங்கள். கொப்பி நிற்காது.

ஜப்பானில் 2001 இல் விற்பனைக்கு வந்த ஹோபோனிச்சி டெச்சோ என்ற டயறிக்கு உலகம் முழுவதும் பிரியர்கள் இருக்கிறார்கள். கையடக்கமான ஏ6 அளவு, நாளுக்கு ஒரு பக்கம், மெல்லிய தாள், பக்கத்தின் அடியில் ஒரு வாசகம். அதில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள், பிள்ளை சொன்ன சொல்லைக் குறிக்கிறவர்கள், ரயில் டிக்கட் ஒட்டுகிறவர்கள், சாப்பிட்ட சாப்பாட்டைப் படம் கீறுகிறவர்கள் என்று எல்லா விதமும் உண்டு. வருட முடிவில் கொப்பி இரண்டு மடங்கு தடித்திருக்கும். அந்தத் தடிப்புத்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதை அங்கிருந்து எடுப்பிக்க வேண்டியதில்லை, நாமே தைக்கலாம்.

நாலு ஏ4 தாள் எடுங்கள், சாதாரண 80 ஜீஎஸ்எம் எடைத் தாள் போதும். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டினால் எட்டுத் துண்டு. எட்டையும் அடுக்கி நடுவில் மடித்தால் ஏ6 அளவில் 32 பக்கம், அதாவது 31 நாளுக்கும் ஒவ்வொரு பக்கம், மிஞ்சும் ஒன்றில் மாதத்தின் பெயர். பழைய சுவர்க் கலண்டரின் தடித்த தாளை அட்டையாகச் சுற்றி, மடிப்பில் தடித்த ஊசியால் மூன்று துளை போடுங்கள். நூல் உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், உள்ளுக்குள்ளேயே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே வந்து, திரும்ப நடுத்துளையால் உள்ளே வரவேண்டும். இரண்டு முனையும் இப்போது உள்ளே நடுவில் இருக்கும். நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக விட்டு இறுக்கி முடியுங்கள். கைபழகினால் கால் மணித்தியாலம்கூட வேண்டாம். திகதி முன்கூட்டியே போடாதீர்கள், இது முக்கியம். திகதி போட்ட வெற்றுப் பக்கம் நம்மைக் குற்றவாளியாக்கும். மூன்று நாள் விட்டுப்போனால் நாலாம் நாள் அடுத்த பக்கத்திலேயே தொடங்குங்கள், பழசை இட்டு நிரப்ப உட்கார வேண்டாம்.

இனி வேலைப் பட்டியல். ரைடர் கரோல் என்ற அமெரிக்கர் 2013 இல் புல்லட் ஜர்னல் என்ற முறையை வெளியிட்டார், சின்ன வயதில் இருந்தே கவனம் சிதறும் தன் சிக்கலுக்காகத் தானே உண்டாக்கிக்கொண்டது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு புள்ளி. முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, இன்னொரு நாளுக்குத் தள்ளினால் அம்புக்குறி. இவ்வளவு போதும். வலைத்தளங்களில் காட்டும் மற்ற அலங்காரங்கள் எல்லாம் முதல் மாதத்துக்கு வேண்டாம்.

என் சித்திரை மாதப் பக்கம் ஒன்றைச் சொல்கிறேன், ஊர் திருகோணமலை. மேல் மூலையில் அன்றைக்குக் கிழித்த நாள் கலண்டர் தாள். நல்லநேரம், இராகுகாலம் எல்லாம் அச்சடித்த அதே சின்னத் தாள்தான், குப்பைக்குப் போக வேண்டியதை நான் ஒட்டிவிடுவேன். கீழே மூன்று புள்ளி: காஸ் சிலிண்டர் மாற்ற, தம்பியின் சப்பாத்துத் தைக்கக் கொடுக்க, தண்ணீர் பில் கட்ட. இரண்டு முடிந்தது, பில்லுக்கு அம்புக்குறி. அதற்குக் கீழே, 'சித்தி பெரியகடையில் பாரை விலை கேட்டுவிட்டுச் சாளையோடு வந்தா. கோட்டை வாசலில் மான் ஒன்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது, ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார்.' ஓரத்தில் நிலாவெளி பஸ் டிக்கட். இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை, ஆனால் அந்த ஓட்டோக்காரரின் பொறுமை எழுதியிருக்காவிட்டால் எனக்கு மறந்தே போயிருக்கும்.

பக்கத்தின் வலதுகீழ் மூலையில் தினமும் ஒரு சென்ரிமீற்றர் சதுரம் போடுவேன், அதற்குள் அன்றைய கடலின் நிறம். டச்சுபே கரையால் போகும்போது பார்த்துவிட்டு வந்து, 12 நிறப் பென்சில் பெட்டியில் எது பொருந்துமோ அதைத் தீட்டுவேன். மழைக்காலம் தொடங்கியதும் நீலப் பென்சில் கிடந்துவிடும், சாம்பலும் மண்ணிறமும் மாறி மாறி வரும், தை கழிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறும். மாதக் கொப்பிகளை வரிசையாக வைத்து மூலைகளை மட்டும் புரட்டினால் வருடமே ஓடும். கடல் கிட்ட இல்லாதவர்கள் வானத்தைத் தீட்டலாம், முற்றத்து வேம்பையும் தீட்டலாம்.

நம் ஊர்க் காற்றுக்குச் சில கவனம் வேண்டும். ஊற்றுப்பேனை மை இந்தத் தாளில் பரவும், ஜெல் பேனை பலவும் ஈரம் பட்டால் கரையும், ஆகவே போல்பொயின்ற்தான் நம்பிக்கை. கம் முழுக்கப் பூசினால் தாள் அலை அலையாகிவிடும், நாலு மூலையில் பொட்டு வைத்தால் போதும். ஒட்டிய இரவு நடுவில் பொலித்தீன் துண்டு ஒன்றை வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஒட்டிய பக்கங்கள் என்றால் விருந்து. முடிந்த கொப்பிகளை இறுக்க மூடும் டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டோடு வையுங்கள்.

சரி, ஆட்கள். நாங்கள் ஆறு பேர் போயா நாளில், அதாவது பௌர்ணமியில், கூடுகிறோம், மாதம் ஒருமுறை எல்லோருக்கும் விடுமுறை என்பதால் வேறு நாள் தேட வேண்டியதே இல்லை. ஒருவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, பின்னேரம் நாலு மணிக்கு. ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும்: ஒருவர் கத்தரிக்கோல், ஒருவர் பழைய பத்திரிகைகள், ஒருவர் வாஷி டேப் (நிறநிறமான ஜப்பான் காகித டேப், உரித்தாலும் தாள் கிழியாது, ஒரு சுருள் ஆறு பேருக்கும் பல மாதம் வரும்). தேநீருக்கு வடை இருந்தால் நல்லது, எண்ணெய்க் கையோடு கொப்பி தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு சட்டம் இருக்கிறது, அதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மற்றவருடைய கொப்பியை யாரும் புரட்டக்கூடாது. சொந்தக்காரரே திறந்து, தான் விரும்பிய பக்கத்தை மட்டும் காட்டுவார். வீட்டுச் சண்டையும் கடனும் கவலையும் எழுதியிருக்கும் கொப்பி அது. இந்தச் சட்டம் இருப்பதால்தான் எங்களோடு இருக்கும் ரீச்சர், முதல் மூன்று போயாவும் மூடியபடியே மடியில் வைத்திருந்தவர், நாலாவதில் தானாகவே ஒரு பக்கத்தைத் திறந்து நடுவில் வைத்தார்.

ஒவ்வொரு கூடலிலும் அடுத்த மாதத்துக்கு ஒரு பொதுத் தலைப்புப் போடுவோம். 'இன்று கேட்ட ஒரு சத்தம்' என்று போட்ட மாதம் அருமையாக வந்தது. கோயில் மணி, பாங்கு, கப்பல் ஊதல், மீன்காரரின் கூவல், பாண் ஓட்டோவின் பாட்டு என்று ஆறு கொப்பியிலும் ஊரே சத்தம் போட்டது. கிண்ணியாத் தங்கச்சி நோன்பு மாதத்தில் தன் பக்கத்தின் மேல் ஓரத்தில் நோன்பு துறக்கும் நேரத்தை எழுதி, பக்கத்தில் அன்றைய கஞ்சிக்கு என்ன போட்டது என்று குறிப்பாள். அதைப் பார்த்துவிட்டு எங்களில் இருவர் கந்தசஷ்டி விரதத்துக்கும் அப்படியே செய்தார்கள்.

அப்புறம், சுற்றுக் கொப்பி ஒன்று கட்டாயம் வையுங்கள். இதுவும் நாலு தாள் கொப்பிதான், ஆனால் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் ஒரு கிழமை வைத்திருந்து இரண்டு பக்கம் நிரப்பி, பின் அட்டையில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். தபாலில் அனுப்புவதானால் பொலித்தீனில் சுற்றி, உள்ளே அடுத்தவரின் விலாசத்தையும் வையுங்கள். வரும் கொப்பியில் முன்னவர் எழுதியதற்குக் கீழே எழுத இடம் விட்டிருக்க வேண்டும், அதுதான் இதன் உயிர். போன முறை கிண்ணியாத் தங்கச்சி, 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) வரிசையில் நின்ற காலத்தைத் தன் உம்மா சொல்லக் கேட்டு எழுதி, கீழே அரைப் பக்கம் விட்டிருந்தாள். ரீச்சர் அந்த அரைப் பக்கத்தில், அதே பாதையில் தான் முதல் நியமனத்துக்குப் போன நாளையும், கையில் வைத்திருந்த சோற்றுப் பார்சலை முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு பங்கிட்டதையும் எழுதினார். கொப்பி திரும்பக் கிண்ணியாவுக்குப் போயிருக்கிறது, உம்மாவுக்கு வாசித்துக் காட்ட.