பக்கவாத நோயாளியின் வீட்டுக்கு முதன்முதலாகச் செல்லும் இயன்முறை மருத்துவருக்கு

நீங்கள் நோயாளியுடன் இருக்கப்போவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் அவர் மனைவியின் பொறுப்பிலோ மகளின் பொறுப்பிலோ இருக்கிறார். ஆகவே, முதல் நாளே கை காலை அசைத்துக் காட்டும் அவசரத்தை விட்டு, அவர் எந்தப் பக்கமாகப் படுக்கிறார், யார் எழுப்பி உட்காரவைக்கிறார்கள், கழிவறை வாசலில் எத்தனை படிகள் என்பவற்றைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்ட பிறகே பயிற்சி.

முதலில் தோளைக் கவனியுங்கள். தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கும் தொடக்க வாரங்களில், தொங்கும் கையின் எடையே மேற்கை எலும்பைத் தோள்மூட்டின் கிண்ணம் போன்ற குழியிலிருந்து கீழே இறக்கிவிடும். நோயாளியை உட்காரவைத்து, தோளின் மேல்முனை எலும்புக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தால், நல்ல பக்கத்தில் இல்லாத ஒரு பள்ளம் தட்டுப்படும். அதை மகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; அதன்பின் அவர் தந்தையின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பமாட்டார். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தலையணைமேல் இருக்கட்டும். கப்பியில் கயிறு போட்டுக் கையை மேலே இழுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தோள்பட்டை எலும்பு உடன் சுழலாத நிலையில் அது வலியைத்தான் வளர்க்கும் என்பதால், தயங்காமல் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியவருக்கு உறவினர் வாங்கித் தரும் ரப்பர் பந்தையும் நான் எடுத்து வைத்துவிடுவேன், அவர்கள் முகம் சுளித்தாலும்.

எழுந்து நிற்கும் பயிற்சியை உயரமான கட்டிலிலிருந்து தொடங்கி, கால்கள் வலுப்பெறப் பெறத் தாழ்ந்த நாற்காலிக்கு மாற்றுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தரையில் பதிந்திருக்க, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை அவர் முன்னே சாயவேண்டும். பலர் நேராக நிமிர்ந்தே எழ முயன்று பின்னால் சரிகிறார்கள். நீங்கள் பலவீனமான பக்கம் நின்று, அவர் முழங்கால் மடங்கிவிடாதபடி உங்கள் முழங்காலால் தாங்குங்கள்.

புறப்படுமுன், சொல்லிக்கொடுத்தவற்றை மகளே செய்துகாட்டட்டும். குறுக்கிடாமல் பார்த்துவிட்டுப் பிறகு திருத்துங்கள். மூன்று பயிற்சிகளுக்கு மேல் கொடுக்காமல், தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அதன் அடியில், பேச்சு திடீரெனக் குழறினாலோ முகம் கோணினாலோ உங்களுக்காகக் காத்திராமல் 108-ஐ அழைக்கவேண்டும் என்றும், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும் என்றும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.