மலைப்பாதையில் மழை: ஏபிஎஸ் பிரேக்கைப் புதிய சாரதிகள் பயன்படுத்தும் முறை

கினிகத்தேனை முதல் வட்டவளை வரை தென்மேற்குப் பருவ மழையில் வாகனம் ஓட்டியவர்களுக்கு, வீதி எங்கே வழுக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்மையில் அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களின் பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. "என் காரில் ஏபிஎஸ் இருக்கிறது, வழுக்காது" என்கிறார்கள். வழுக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே ஏபிஎஸ்ஸின் வேலை.

ஈர வீதியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை விட்டுவிட்டுச் சறுக்கத் தொடங்கும். சுழலாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி பழைய திசையிலேயே போகும். வளைவில் அந்தத் திசை பள்ளத்தை நோக்கித்தான் இருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரங்களின் சுழற்சியை உணரிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும், அதற்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தம் குறைக்கப்பட்டு மீண்டும் கூட்டப்படுகிறது. வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட இது நடக்கலாம். எவ்வளவு தேர்ந்த சாரதியின் காலுக்கும் அந்த வேகம் வராது. 1978 இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தபோதும் அடிப்படை இதுதான்.

ஆக, உங்களுக்குக் கிடைப்பது பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பும் வசதி. அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

முதற்படி: விளக்கைப் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் செம்மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் இருக்கும், ஆனால் சக்கரம் பூட்டலாம். விளக்கு எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். பழுதை மறைக்க விளக்கையே கழற்றிவிட்டு வண்டி விற்பவர்கள் உண்டு. சிவப்பு பிரேக் விளக்கு வேறு விடயம். கைப்பிரேக்கை முழுவதும் விடுவித்த பிறகும் அது எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: மைதானத்தில் பழகுங்கள்

இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் அதிரும், கடகடவென்று சத்தம் கேட்கும். முதன்முறை அதை உணர்கிறவர் ஏதோ உடைந்துவிட்டதென்று காலை எடுத்துவிடுகிறார். வண்டி நிற்க வேண்டிய அந்த நொடியில் பிரேக் விடுபடுகிறது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், அனுமதி பெற்று, ஆட்களும் பிள்ளைகளும் இல்லாத சமதளமான தோட்டத்து மைதானம் ஒன்றுக்குப் போங்கள். அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு வந்ததும், ஈரப் புல்லில் பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்து, வண்டி நிற்கும் வரை பிடித்திருங்கள். அதிர்வு வரும். அடுத்த முறை அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைச் சற்று இடப்புறம் திருப்பிப் பாருங்கள். வண்டி திரும்புவதை ஒருமுறை உணர்ந்த கால் பிறகு அவசரத்தில் பதறாது. நிற்பதற்குச் சற்று முன், நடை வேகத்தில், ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். அப்போது சக்கரம் இலேசாகச் சறுக்கினால் அது பழுதன்று.

மூன்றாம் படி: அவசரத்தில்

மிதியுங்கள், விடாதீர்கள், இடைவெளியைப் பார்த்துத் திருப்புங்கள். கையால் கியர் மாற்றும் வண்டியானால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும். எதிரே நிற்கும் பஸ்ஸை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பஸ்ஸில்தான் போய் முட்டுவீர்கள்.

"விட்டு விட்டு மிதி" என்று பழைய லொறி சாரதிகள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய வண்டிகளுக்கு அது மிகச் சரியான அறிவுரை. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால், நிற்கும் தூரத்தை நீங்களே நீட்டுகிறீர்கள். உங்கள் மாமாவோ பெரியப்பாவோ பக்கத்தில் இருந்து சத்தம் போட்டாலும் காலை எடுக்க வேண்டாம்.

மலைப்பாதையில் அடிக்கடி நேரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது இடப்பக்கச் சக்கரங்கள் கான் ஓரத்துச் சேற்றிலும், வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும். அந்த நிலையில் ஏபிஎஸ் இல்லாத வண்டியை அழுத்திப் பிடித்தால், பிடிப்புள்ள வலப்பக்கம் இழுத்து வண்டி சுழன்றுவிடும். ஏபிஎஸ் இதைப் பெருமளவு தணிக்கும், முற்றாக நீக்காது. வலப்பக்கம் இழுப்பதை உணர்ந்ததும் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடப்புறம் கொடுத்துத் தாங்குங்கள்.

நான்காம் படி: தூரத்தைக் கணக்கிடுங்கள்

மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் வினாடிக்குச் சுமார் 11 மீற்றர். உராய்வுக் கெழுவை, அதாவது சக்கரத்துக்கு வீதியில் கிடைக்கும் பிடிப்பின் அளவை, உலர்ந்த தாருக்கு 0.7, நனைந்த தாருக்கு 0.4 என்று எடுத்துக்கொண்டால், சமதளத்தில் பிரேக் பிடித்த பின் நிற்க முறையே 9 மீற்றரும் 16 மீற்றரும் வேண்டும். நூற்றுக்குப் பத்து என்ற சரிவில், நனைந்த தாரில் இறங்கும்போது அது 21 மீற்றராகும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு வினாடி எடுத்தால் இன்னும் 11 மீற்றர். லபுக்கலைக்கும் றம்பொடைக்கும் இடையில் பனிமூட்டம் இறங்கிய மாலையில் 32 மீற்றர் தூரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் 40 இல் போகக்கூடாது. எந்த ஏபிஎஸ்ஸும் இந்தக் கணக்கை மாற்றாது. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

கனடாவில் இருக்கும் உறவினர் பனிக்கட்டியில் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியிருப்பார். உறைபனியில் கெழு 0.1 அளவுக்கு இறங்கிவிடும், அதே 40 இல் சமதளத்திலேயே 60 மீற்றருக்கு மேல் வேண்டும். நூற்றுக்குப் பத்துச் சரிவில் வண்டி நிற்கவே நிற்காது. நுவரெலியாவில் தை, மாசி மாத விடியலில் புல்லில் படியும் உறைபனி வீதியை அப்படி மூடுவதில்லை. நமக்கு வாய்த்தவை வேறு: நிழலான வளைவில் படர்ந்த பாசி, யூகலிப்டஸ் இலை, தோட்டத்து வீதியிலிருந்து லொறிச் சக்கரம் இழுத்துவந்த செம்மண். எல்லாவற்றிலும் மோசமானது நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறல். தாரில் ஊறிய எண்ணெயும் தூசியும் மேலே வந்து, ஈரச் சிமெந்துத் தரையில் தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு நடப்பதுபோல் ஆகிவிடும். கொழும்பிலிருந்து வசந்த காலத்துக்கு வாகனங்கள் வரிசைகட்டி ஏறும் ஏப்ரலில்தான் இந்தத் தூறல் விழுகிறது என்பது நமது அதிர்ஷ்டம்.

ஏபிஎஸ் பின்தங்கும் இடம்

சரளைக்கல்லிலும், மண்மேடு சரிந்து கொட்டிய இளகிய மண்ணிலும், பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். சுழலும் சக்கரம் அப்படிக் குவிப்பதில்லை. ஆகவே இங்கே ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுத் தள்ளியே நிற்கலாம். இந்த இடங்களுக்கு வரும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

ஐந்தாம் படி: இறக்கம்

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கிடம் கொடுத்தால் பட்டைகள் சூடாகிப் பிடிப்பை இழக்கும், பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். ஏபிஎஸ்ஸுக்கு இதில் வேலையே இல்லை. ரதல்ல குறுக்குவீதி போன்ற செங்குத்தான இறக்கங்களில், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதிலேயே இறங்குங்கள். தானியங்கிக் கியரானால் "எல்" அல்லது "2", ஹைபிரிட் காரானால் "பி" (B; நிறுத்திவைக்கும் P அன்று). கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஈர வளைவின் நடுவில் படக்கென்று கியரைக் குறைத்தால் இயங்கும் சக்கரங்கள் சறுக்கலாம். பிரேக்கில் கால் இல்லாததால் ஏபிஎஸ்ஸும் உதவாது.

முச்சக்கரவண்டிகளில் பொதுவாக ஏபிஎஸ் கிடையாது, அவற்றுக்குப் பழைய அறிவுரையே பொருந்தும். ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிளிலும் வளைவில் சாய்ந்திருக்கும்போது ஓங்கிப் பிடிக்காதீர்கள். முதலில் நிமிர்த்துங்கள்.

தோட்டத்து வீதியில் அடிக்கடி போகிறவர்கள் சக்கரத்தின் உட்புறத்தையும் கழுவுங்கள். உணரியில் சேறு அப்பினாலோ அதன் வயர் கல்லில் பட்டு அறுந்தாலோ செம்மஞ்சள் விளக்கு எரியும். கழுவியும் அணையாவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோய்க் கணினியில் பழுதுக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.