ரக்பி உலகக் கோப்பையும் தொடக்கப்பள்ளி வகுப்பறையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2027 அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில் ஆடவர் ரக்பி உலகக் கோப்பை நடைபெறவிருக்கிறது. 24 அணிகள், 52 ஆட்டங்கள், ஆறு வாரங்களுக்கும் மேலான காலம். இந்தப் போட்டியைத் தக்கபடி பயன்படுத்திக்கொண்டால், கணிதம், தமிழ்மொழி, வரலாறு, உடற்கல்வி ஆகிய நான்குக்கும் ஒரே இடத்திலிருந்து பாடப்பொருள் கிடைத்துவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பால்மரமும் (ரப்பர் மரம்) செம்பனையும் சூழ்ந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில், 2019-லும் 2023-லும் இப்போட்டியையொட்டி நான் வகுப்பு நடத்தியிருக்கிறேன். முதல் முறை பெரும்பகுதி வீணாயிற்று. இரண்டாம் முறை பலன் கிடைத்தது. இடையில் எவற்றை மாற்றினேன் என்பதை, மூன்றாம் முறைக்கு நாம் ஆயத்தமாகும் இவ்வேளையில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதல் தவறு, கொடியிலேயே தங்கிவிடுவது. 2019-இல் கலந்துகொண்ட 20 நாடுகளின் கொடிகளையும் மணிலா அட்டையில் வரைந்து வண்ணம் தீட்டுவதற்கே இரண்டு வாரங்கள் சென்றன. சுவர் அழகாக இருந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால், பந்தை முன்னோக்கிக் கையால் எறியக்கூடாது என்ற அடிப்படை விதியைக்கூட வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. கொடிகளிலும் பிழை இருந்தது. இங்கிலாந்து அணிக்கு ஐக்கிய இராச்சியத்தின் கொடியை ஒட்டியிருந்தோம். ரக்பியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவை தனித்தனி அணிகள் என்பதால், வெண்மையில் செஞ்சிலுவை கொண்ட கொடியே இங்கிலாந்துக்கு உரியது. அயர்லாந்தின் நிலை இன்னும் நுட்பமானது. அயர்லாந்துக் குடியரசு, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்து ஆகிய இரண்டையும் சேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் ஆடுகிறார்கள். ஒரு நாடு என்பதும் ஓர் அணி என்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதை ஆண்டு 5 மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கொடிகளுக்கு ஒரு பாடவேளை போதும். அதில் இந்தக் கேள்வியையும் எழுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது தவறு கணிதத்தில் நேர்வது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரக்பியில் தொடக்கப்பள்ளிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய செல்வம் அதன் புள்ளி முறைதான். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அது டிரை, 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் கன்வர்ஷன், 2 புள்ளிகள். பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு 3. பெரும்பாலான ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் எழுதி, "ஓர் அணி இரண்டு டிரை, ஒரு பெனால்டி பெற்றது, மொத்தப் புள்ளி எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இது வெறும் கூட்டல். ஆண்டு 2 பிள்ளையும் செய்துவிடும்.

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இறுதிப் புள்ளியைக் கொடுத்துவிட்டு, அது எப்படி வந்திருக்கும் என்று கேட்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12-11 என்று வென்றது. இந்த இரண்டு எண்களை மட்டும் பலகையில் எழுதினேன். மஹ்ஜோங் தாள் என்னும் பெரிய தாளில் குழுக்களாக எழுதிப் பார்த்த பிள்ளைகள், 12 என்பது இரண்டு வழிகளில்தான் வரும் என்று கண்டுபிடித்தார்கள்: நான்கு மூன்றுகள், அல்லது ஓர் ஏழும் (டிரையும் அதன் கன்வர்ஷனும்) ஓர் ஐந்தும். 11 ஒரே வழியில்தான் வரும்: ஓர் ஐந்து, இரண்டு மூன்றுகள். ஆக, நியூசிலாந்து ஒரு டிரை அடித்தது என்பது ஆட்டத்தைப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா எந்த வழியில் 12 பெற்றது என்று வாக்கெடுத்தோம். பெரும்பாலோர் ஏழும் ஐந்தும் என்றார்கள். உண்மையில் அவ்வணி ஒரு டிரைகூட அடிக்காமல், நான்கு பெனால்டி உதைகளாலேயே கோப்பையை வென்றது. அது நியாயமா என்று எழுந்த விவாதம் அந்தப் பாடவேளைக்குள் அடங்காமல், ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரை தொடர்ந்தது.

அதற்கு அடுத்த நாள், எந்தப் புள்ளிகளை ஓர் அணி ஒருபோதும் பெற முடியாது என்று கேட்டேன். 1, 2, 4 ஆகிய மூன்று மட்டுமே என்று கண்டுகொண்டார்கள். அவ்வளவுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்ற கேள்விக்கு, ஆண்டு 5 மாணவி ஒருத்தி பலகைக்கு வந்து 5, 6, 7 என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று கூட்டி 8, 9, 10 என்றும், மீண்டும் மூன்று கூட்டி 11, 12, 13 என்றும் எழுதிவிட்டு, "இனிமே எல்லா நம்பரும் வந்துரும் டீச்சர்" என்றாள். அது முழுமையான நிறுவல். இத்தகைய தருணத்துக்கு இடம் தராமல் கூட்டல் கணக்கோடு முடித்துவிடுவதே, நான் பட்டியலிடும் தவறுகளில் மிகுந்த இழப்பைத் தருவது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கன்வர்ஷன் டிரையைத் தொடர்ந்துதான் வரும். இதை முன்கூட்டியே தெளிவுபடுத்தாவிட்டால், பிள்ளைகள் இரண்டும் இரண்டும் நான்கு என்று எழுதிவிடுவார்கள். அடுத்து, பழைய ஆட்டங்களின் புள்ளிகளை இன்றைய முறைப்படி பிரிக்கச் சொல்லக்கூடாது. 1987-இல் நடந்த முதல் உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து பிரான்சை 29-9 என்று வென்றபோது ஒரு டிரைக்கு 4 புள்ளிகள்தாம். 1992-இல்தான் அது 5 ஆயிற்று.

டிரை என்ற சொல்லை "முயற்சி" என்று மொழிபெயர்த்து வகுப்பில் புழங்குவதும் குழப்பத்தையே தருகிறது. அச்சொல்லின் தோற்றம் என்னவோ அதுதான்: தொடக்கக் காலத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளியே கிடையாது, கம்பத்தை நோக்கி உதைத்துப் பார்க்கும் வாய்ப்பை மட்டுமே அது பெற்றுத் தந்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, சொல்லை டிரை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மொழிப் பாடத்தில் நேரும் தவறு நமக்கே உரியது. "நான் ஒரு ரக்பிப் பந்து" என்று தன்கதை எழுதச் சொல்லிவிடுகிறோம். பந்தைக் கையால் தொட்டுப் பார்த்திராத பிள்ளை என்ன எழுதும்? பேனாவின் தன்கதையிலும் குடையின் தன்கதையிலும் மனப்பாடம் செய்த வரிகளே திரும்ப வருகின்றன: தொழிற்சாலையில் பிறந்தேன், கடைக்கு வந்தேன், ஒருவர் என்னை விலை கொடுத்து வாங்கினார். 2023-இல் எழுத்துக்கு முன்பு பந்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவும் அதை இடுப்பு உயரத்திலிருந்து பத்து முறை தரையில் போட்டு, எந்தப் பக்கம் துள்ளிற்று என்று சுண்ணக்கட்டியால் குறித்தது. பிறகு காற்பந்தையும் பத்து முறை போட்டுப் பார்த்தார்கள். காற்பந்தின் குறிகள் ஒரே இடத்தைச் சுற்றி இருந்தன. ரக்பிப் பந்தின் குறிகள் நடைபாதை முழுவதும் சிதறிக் கிடந்தன. அதன் பின் எழுதிய ஆண்டு 3 மாணவன் ஒருவன், "கீழே விழுந்தால் எந்தப் பக்கம் போவது என்று இந்தப் பந்துக்கே தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரி எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லை.

திடலில் நேரும் தவறு உடலைப் பாதிப்பது. ஆகவே இதில் சமரசம் கூடாது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்ததை மறுநாள் காலையிலேயே பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். 2019-இல் ஒரு மாணவன் மற்றொருவனைப் பாய்ந்து பிடிக்க, இருவரும் லோங்காங் (வடிகால்) ஓரத்துச் சிமெண்டில் விழுந்தார்கள். ஒருவனுக்கு முழங்கை கிழிந்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. விளையாடக் கற்றுக்கொடுக்கும் முன்பே ஆட்டக் காட்சிகளைக் காட்டியது என் பிழை. தொடக்கப்பள்ளிக்கு ஏற்றது நாடா ரக்பி. இடுப்பின் இருபுறமும் பழைய துணியில் வெட்டிய நாடாக்களைச் செருகிக்கொள்ள வேண்டும். நாடாவை உருவினால் அதுவே பிடித்ததற்குச் சமம். ஆளைத் தொடுவதே இல்லை. பக்கத்துக்கு ஐவர் போதும். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் 15 பேர் கொண்ட அணியைத் திரட்ட முயல வேண்டியதில்லை. நம் திடலின் செம்மண் மழையில்லாத நாளில் கல்லாக இறுகிவிடுவதால், புல் உள்ள பகுதியை மட்டும் கூம்புகளால் குறித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். பெண்பிள்ளைகளை வலைப்பந்துக்கு அனுப்பிவிட்டுப் பையன்களை மட்டும் ரக்பிக்கு நிறுத்துவதும் தவறு. மகளிர் உலகக் கோப்பை 1991-லிருந்தே நடைபெறுகிறது. 2025-இல் லண்டனில் இங்கிலாந்து கனடாவை வென்ற இறுதியாட்டத்தை நேரில் கண்டவர்கள் 81,000-க்கும் அதிகமானோர்.

நியூசிலாந்து அணி ஆட்டத்துக்கு முன் நிகழ்த்தும் ஹாக்காவை வகுப்பில் வேடிக்கையாக ஆடவைப்பது, பலரும் தவறு என்றே உணராத ஒன்று. கன்னத்தில் மையால் கோடு இழுத்து, நாக்கை நீட்டி, பள்ளி விழாவில் மேடையேற்றிய படங்களைப் பார்த்திருக்கிறேன். மாவோரி மக்களுக்கு முகத்தில் பொறிக்கும் மோக்கோ என்பது குலவழியைச் சொல்லும் அடையாளம். பிறர் யாரேனும் தம் முதுகில் பொம்மைக் காவடியைக் கட்டிக்கொண்டு, வேல் குத்தியதுபோல் நடித்துக் கைதட்டு வாங்கினால் நமக்கு எப்படியிருக்கும் என்று கேட்டபோது, பத்துமலைக்குப் பால்குடம் எடுத்த பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். ஆடுவதற்குப் பதில் அதன் கதையைச் சொல்லலாம். "கா மாத்தே" என்ற ஹாக்காவை 1820 அளவில் இயற்றியவர் தெ ரௌபராஹா என்ற தலைவர். பகைவரிடமிருந்து தப்பி ஒரு குழியில் ஒளிந்திருந்தவர், உயிர் பிழைத்து வெளிச்சத்துக்கு வந்த நிலையைப் பாடுவது அது. அவருடைய ங்காத்தி தோவா குலத்தாருக்கு உரிய படைப்பாக அதனை 2014-இல் நியூசிலாந்து சட்டம் இயற்றியே ஏற்றுக்கொண்டது.

கதையை வரலாறாகச் சொல்லிவிடும் தவறும் உண்டு. 1823-இல் இங்கிலாந்தின் ரக்பிப் பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதில் இந்த ஆட்டம் பிறந்தது என்பார்கள். கோப்பைக்கே அவர் பெயர்தான். ஆனால், அந்தக் கதை முதன்முதலில் எழுத்தில் வந்ததே 1876-இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். சொல்லலாம், சான்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கில் மாணவர்கள் மணியைச் சரியாகவும் நாளைத் தவறாகவும் எழுதுவார்கள். பாரிசில் 2023 அக்டோபர் 28 சனிக்கிழமை இரவு 9 மணிக்குத் தொடங்கிய இறுதியாட்டம் நமக்கு ஞாயிறு அதிகாலை 3 மணி. பாதி வகுப்பு சனி அதிகாலை என்று எழுதியிருந்தது. நள்ளிரவைத் தாண்டும் கோட்டைத் தாளில் வரைந்து காட்டாமல் இக்கணக்கைக் கொடுக்கக்கூடாது. 2027-இல் இது எளிது: பெர்த் நகரின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றே, இறுதியாட்டம் நடைபெறும் சிட்னி அப்போது நம்மைவிட 3 மணி நேரம் முந்தியிருக்கும்.

கடைசியாக, இந்த ஆட்டம் எங்கோ தொலைவில் நடப்பது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தோடு பிள்ளைகளை விட்டுவிடுவது. மலேசியா ஆடவர் உலகக் கோப்பையில் ஆடியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்போட்டியில் ஆடும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் போய் இறங்கியவர்களிலும், அதில் ஆடும் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் பின்னாளில் போனவர்களிலும், நம் கொள்ளுப்பாட்டன்களைப் போலவே தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இருந்தார்கள். இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள கோலகங்சாரில், 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரி ரக்பிக்குப் பெயர்பெற்றது; அதே ஊரில்தான் 1877-இல் நடப்பட்ட பால்மரங்களுள் ஒன்று இன்னும் நிற்கிறது. நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவந்தோம். ரக்பித் திடல் 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் என்றபோது, அது ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டுச் சொன்னபிறகே பிள்ளைகளுக்கு அளவு பிடிபட்டது.

அந்த வாரம், முப்பது ஆண்டுகள் பால்வெட்டிய பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தோம். கிழிந்துபோன பழைய பந்தின் தையலைப் பிரித்து, உள்ளிருந்த ரப்பர்ப் பையை அவர் கையில் கொடுத்தோம். அதை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். முன்பெல்லாம் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதித்தான் பந்துக்குள் வைப்பார்கள், அதனால்தான் பந்து இந்த வடிவத்துக்கு வந்தது என்று மாணவர்கள் அவருக்கு விளக்கினார்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள் என்று ஒரு சிறுவன் கேட்டான். "பெரட்டுக்கு அஞ்சு மணிக்கு நிக்கணும்யா, வெயில் வந்துட்டா பால் வடியாது" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு. யாரும் சொல்லாமலேயே ஒரு பெண் எழுந்து போய்ப் பலகையில், ஏற்கெனவே வரைந்திருந்த நள்ளிரவுக் கோட்டுக்கு இப்பக்கம் "பாட்டி, காலை 5" என்றும், அப்பக்கம் "பாரிஸ், முதல் நாள் இரவு 11" என்றும் எழுதினாள்.