பல் எக்ஸ்ரே எடுக்கப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவ மாணவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் எக்ஸ்ரே கற்றுக்கொடுக்கும்போது பலர் மெஷினிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் பட்டன், எவ்வளவு நேரம், எந்தப் பல்லுக்கு எந்த செட்டிங் என்பதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஆனால் படம் பெரும்பாலும் கெடுவது பட்டனை அழுத்துவதற்கு முன்னாலேயே. படத்தைப் பதிவுசெய்யும் தகடான சென்சார் வாய்க்குள் எப்படி உட்கார்ந்தது, கதிர் வரும் டியூப் எந்தக் கோணத்தில் நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பெரிய தவறாக நினைப்பது, படம் சரியில்லை என்றதும் உடனே இன்னொன்று எடுக்க விடுவதை. டிஜிட்டல் சென்சாரில் படம் சில நொடியில் திரையில் வந்துவிடுவதால் இந்தப் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு மறுபடமும் நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சு. என்ன தப்பு, எதை மாற்றப்போகிறோம் என்று மாணவர் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த படம் எடுக்க வேண்டும். படத்திலேயே விடை இருக்கும். பல் இயல்பைவிட நீண்டு தெரிந்தால் செங்குத்துக் கோணம், அதாவது டியூபின் மேல்கீழ்ச் சாய்வு, போதவில்லை. குட்டையாகத் தெரிந்தால் கோணம் அதிகம். பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிந்தால் கிடைக்கோணம், அதாவது டியூபின் பக்கவாட்டுத் திருப்பம், தப்பு. அந்தப் படத்தில் பற்களுக்கு இடையே இருக்கும் சொத்தை மறைந்துபோகும், பைட்விங் (மேல், கீழ்ப் பற்களைக் கடித்தபடி எடுக்கும் படம்) எடுத்ததே வீண். ஓரத்தில் வளைவாக வெறுமை தெரிந்தால் கோன் கட், அதாவது கதிர் சென்சாரை முழுதாக மூடவில்லை.

அடுத்தது சென்சார் வைப்பது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வைக்கும்போது புதியவர்கள் அதைப் பல்லோடு ஒட்டி, ஈறுக்குக் கீழே அழுத்துவார்கள். அங்கேதான் வலிக்கும். நோயாளி துள்ளுவார், சென்சார் மேலே வந்துவிடும், வேர் நுனி படத்தில் இருக்காது. நாக்குப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைத்து, மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். வாய் மூட மூட நாக்குக்குக் கீழே உள்ள வாயின் அடித்தளத் தசை தளர்ந்து சென்சார் தானாக உள்ளே இறங்கும். மேல்தாடையிலும் இப்படித்தான். அண்ணம் நடுவில்தான் உயரம். பல்லை விட்டு நடுக்கோட்டுப் பக்கம் தள்ளினால்தான் சென்சார் பல்லுக்கு இணையாக நிற்க இடம் கிடைக்கும். இதை வாயால் விளக்கினால் மட்டும் போதாது. மாணவரின் கையைப் பிடித்து ஒருமுறை வைத்துக் காட்டினால் சட்டென்று புரியும்.

எல்லாப் பற்களுக்கும் வரிசையாகப் பல படங்கள், அதாவது முழுவாய்ப் படம், எடுக்கும்போது கடைவாய்ப்பல்லில் தொடங்கக் கூடாது. குமட்டல் அங்கேதான் வரும், வந்துவிட்டால் மீதிப் படங்களுக்கும் தொடரும். முன்பற்களில் ஆரம்பித்துப் பின்னால் போகலாம்.

பழகுவதற்காக மாணவர்கள் ஒருவரையொருவர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது கூடவே கூடாது. மருத்துவக் காரணம் இல்லாமல் யாருக்கும் கதிர்வீச்சு தரக் கூடாது. சக மாணவர் வாயில் சென்சார் வைத்துப் பழகலாம், டியூபைத் திருப்பிப் பார்க்கலாம், சரி. பட்டனை மட்டும் தொடக் கூடாது. அதற்குப் பொம்மைத் தலை இருக்கிறது.

அப்புறம், சென்சாரைக் கையால் பிடிப்பது. அதைத் தாங்கும் ஹோல்டர் சரியாக நிற்கவில்லை என்று உதவியாளர் விரலால் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்த வேண்டும். 1896-ல் அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைத் தொடங்கிவைத்த முன்னோடிகளில் ஒருவரான எட்மண்ட் கெல்ஸ், ஆண்டுக்கணக்கில் கதிர் தன் கையில் பட வேலை செய்தவர். புற்றுநோய் வந்து முதலில் விரல்கள் போயின, பிறகு கையே போனது. அன்று இதன் ஆபத்து தெளிவாகத் தெரியாது. இன்று தெரிந்தும் பிடிப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. சிறு குழந்தைக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்றால், ஈய ஏப்ரன் அணிந்த பெற்றோர் பிடிக்கட்டும். அவர்கள் விரலும் கதிரின் வழியில் வராதபடி வையுங்கள். எடுப்பவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்கு வெளியே, நோயாளியின் முகம் தெரியும்படி நில்லுங்கள். அவர் அசைந்தால் உடனே பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடலாம்.